அவள் போனைத்தான் கேட்பாள்

அத்தியாயம் 14

போன வாரம் ஜரினாவை நாம் பாயசக் கிண்ணத்தோடு விட்டுவிட்டு வந்தோம். "என் வீடியோ மொத எடத்துக்கு வந்துருச்சு" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சேமியாப் பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பாவம், அவள் ஏமாந்துபோயிருந்தாள். ஏமாற்றியது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தப் போன்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பஷீருதீனின் மனைவிதான் ஜரினா. மகள் ஷிபா, அதே கடையில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த முஸ்தகீமைக் கட்டிக்கொண்டு போன வருஷம் வீட்டை விட்டுப் போனாள். "இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காதே" என்று பஷீருதீன் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மகளும் அவர் மகள்தானே, ரோஷத்துக்கா குறைச்சல்? நம்பரை மாற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரே ஒரு சேதி வந்தது. அம்பத்தூர் பக்கம் பாடியில் டயர் கடை வைத்திருக்கும் பரத் என்பவன் முஸ்தகீமுக்குச் சிநேகிதன். அவன்தான் சொன்னான். ஷிபா முழுகாமல் இருக்கிறாள், இந்த மாசம் பிரசவம். எந்த ஊர் என்று அவனுக்கும் தெரியாது. இப்போது அவனுக்கும் முஸ்தகீம் போன் கிடைப்பதில்லை.

சின்ன வயசிலிருந்தே ரத்தம் குறைவான பெண். தலைப்பிரசவம். முஸ்தகீமுக்குத் தாய் தகப்பன் கிடையாது. பக்கத்தில் பெரிய மனுஷி என்று ஒருத்தி இல்லை. இதை நினைத்தால் ஜரினாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆனால் ஒன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஷிபா எதையும் ஆளைக் கேட்க மாட்டாள். சுடுதண்ணி வைப்பதற்குக்கூட போனைத்தான் கேட்பாள். பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் போனைத்தான் கேட்பாள். அவள் கேட்கும்போது அந்தப் போனுக்குள் அம்மா இருக்க வேண்டும். அதற்காகத்தான் 'பூந்தமல்லி அடுப்படி' என்ற தன்னுடைய சேனலில் பத்தியச் சமையலாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சேனலுக்குப் பஷீருதீன் வைத்த நிபந்தனை ஒன்று உண்டு. முகம் தெரியக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. ஆகவே இரண்டு கைகள், ஒரு சட்டி, பின்னால் ஒரு புல்லாங்குழல். அவ்வளவுதான் சேனல்.

சனிக்கிழமை காலை டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நூம்பலுக்குப் போனாள் ஜரினா. அங்கே ஒரு அடுக்குமாடியில் நிவேதிதா இருக்கிறாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண், ஐ.டி. கம்பெனிக்காரி. நிறுவனங்கள் போடும் வீடியோக்களை, தேடுகிறவர்கள் கண்ணில் படவைப்பதுதான் அவள் வேலை. சனிக்கிழமையானால் ஜரினாவின் இடியாப்பமும் பாயாவும் அவளுக்கு வேண்டும். ஷிபா விஷயம் முழுவதும் தெரிந்தவள்.

"இதப் பாரு நிவேதிதா. 'பிரசவ பத்திய சமையல்'னு தேடுனேன். மொதல்ல வர்றது என்னுதுதான். நேத்தும் அப்டிதான், முந்தாநேத்தும் அப்டிதான்."

நிவேதிதாவின் முகம் மலரவில்லை. "இது உங்க போனுங்களாக்கா?"

"பின்ன யார்துமா?"

நிவேதிதா தன் போனை எடுத்து அதே வார்த்தைகளைப் போட்டுத் தேடினாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டரம்மாக்கள் வந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய சமையல்காரம்மாக்கள் வந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். ஜரினாவின் இரண்டு கைகள் மட்டும் வரவில்லை.

"இன்னும் கீழ போ."

"போயிட்டுத்தானுங்க்கா இருக்கேன்."

"இன்னும் போம்மா, எங்கனா இருக்கும்."

நிவேதிதா போனை மேஜைமேல் வைத்தாள். "அக்கா, உங்க வீடியோவ நீங்களே தெனமும் பாக்கறீங்க. உங்களுக்கு அதுதான் புடிக்கும்னு உங்க போன் நெனச்சுக்குச்சு. அதனால உங்களுக்கு மட்டும் மொதல்ல காட்டுது. மத்தவங்களுக்கு அப்டிக் காட்டாதுங்க்கா."

 கொடுத்த பாயசம் எல்லாம் ஜரினாவின் கண்முன் வந்து போனது. "அப்போ எம்பொண்ணு தேடுனா நா வர மாட்டேனா?"

பொய் சொல்ல நிவேதிதாவுக்கு மனசு வரவில்லை. "இப்போதைக்கு வர மாட்டீங்க்கா."

"இந்த மாசம்மா. இன்னிக்கோ நாளைக்கோ பொறந்துரும். ஏற்கனவே பொறந்து கெடக்கோ என்னவோ."

"அழாதீங்க்கா. சொல்றதக் கேளுங்க. இந்தத் தலைப்பெல்லாம் யார் வெச்சது?"

"எம்புள்ள ராஷித்து."

'மாமியாரே மிரண்ட மீன் குழம்பு!! கடைசி வரை பாருங்க!!' நிவேதிதா வாய்விட்டுப் படித்தாள். சிரிக்கவா அழவா என்று அவளுக்கே தெரியவில்லை. "இதுல பிரசவங்கற வார்த்தையே இல்லீங்க்கா. பிள்ள பெத்தவ எதுக்கு மாமியாரு மிரளறதத் தேடப் போறா? கேக்கறவங்க என்ன கேக்கறாங்களோ, அது அப்டியே தலைப்புல இருக்கணும். அடுத்தது, நீங்க ஒரு வார்த்த பேசறதில்ல. உள்ள வந்தவங்க நிக்காம ஓடிப் போயிடறாங்க. வந்தவங்க ஓடுனா, இது பிரயோசனப்படாத வீடியோன்னு பின்னால தள்ளி விட்ரும்."

"நா பேசக் கூடாதும்மா. அவரு ஒத்துக்க மாட்டாரு."

"அது உங்க வீட்டு விசயம், நான் சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு. லட்சம் பேரு பாக்கறது நமக்கு எதுக்கு? ஷிபா ஒருத்தி பாத்தாப் போதும். அவ எப்டிக் கேப்பான்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்த வார்த்தையக் கண்டுபுடிங்க. அப்புறம், சரிபாக்கறதுக்கு உங்க போன் வேண்டாம். உங்க சேனலப் பாக்கவே பாக்காத ஒரு போன்ல தேடுங்க."

கேரியரைத் திரும்ப வாங்காமலே ஜரினா கீழே இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் ராஷித்துக்கு அன்று வார விடுமுறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவன், பாயில் குப்புறப் படுத்திருந்தான். ஜரினா போர்வையை உருவினாள்.

"ஏன்டா, யாருடா அந்த மாமியாரு?"

"எந்த மாமியாரு?"

"மிரண்டவ!"

ராஷித் எழுந்து உட்கார்ந்தான். "அப்டி வச்சாத்தான்மா கிளிக் பண்ணுவாங்க. எல்லாரும் அப்டிதான் வைக்கிறாங்க."

"எல்லாரும் யாருடா? எனக்கு ஒருத்தி வந்தாப் போதும்டா. ஒருத்தி!" போனை அவன் கையில் திணித்தாள். "எல்லாத்தையும் மாத்து. இப்பவே மாத்து."

"இன்னான்னு மாத்தறது?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. 'பிரசவத்துக்குப் பின் பத்திய உணவு' என்று வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஷிபா அப்படியெல்லாம் பேசுகிற பெண்ணே இல்லை. தாயும் மகனும் மாற்றி மாற்றி ஏதேதோ வைத்தார்கள், அழித்தார்கள். பெற்று வளர்த்த பெண் எந்த வார்த்தையில் உதவி கேட்பாள் என்று தெரியவில்லையே என்று ஜரினாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மதியம் பஷீருதீன் சாப்பிட வந்தார். அந்த வீட்டில் ஒரு வருஷமாக மதியச் சாப்பாடு எப்படி நடக்கிறதோ, அப்படியே நடந்தது. ரசம் என்றார், ஊற்றினாள். போதும் என்றார், நிறுத்தினாள். சாப்பிட்டதும் போனை ஜன்னலோரம் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளறையில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஜரினாவின் கண் போன்மேல் போனது. அவள் சேனலை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டேன் என்று வீம்பாக இருக்கிற மனுஷனுடைய போன். நிவேதிதா சொன்ன போன் இதைவிட வேறு எது?

ஒயரோடு கையில் எடுத்தாள். யூடியூபைத் திறந்து தேடும் இடத்தைத் தொட்டாள். அவள் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. ஆனால், முன்னால் தேடியவை எல்லாம் தாமாகவே வரிசையாக வந்து நின்றன.

ஷிபா.

ஷிபா பூந்தமல்லி.

ஷிபா எங்க கீறா.

பொண்ணு போன் எடுக்கலன்னா அத்தா இன்னா பண்ணணும்.

ரத்தம் கம்மியா இருந்தா பிரசவத்துல உயிருக்கு ஆபத்தா.

புள்ள பெத்தவளுக்கு ஊட்ல இன்னா செஞ்சு குடுப்பாங்க.

 ஜரினா ஜன்னலோரமே உட்கார்ந்தாள். கடைசியாக இருந்ததை ஒரு முறை தொட்டாள். அதே டாக்டரம்மாக்கள் வந்தார்கள், அதே பட்டுப்புடவைகள் வந்தன. அவள் வரவில்லை. அவர் கேட்டிருக்கிறார், அவள் பதிலைச் சமைத்து வீடியோவாகப் போட்டிருக்கிறாள், இந்த ஒரே வீட்டுக்குள் அது போய்ச் சேரவில்லை.

"போன இன்னா நோண்டினு கீற?"

குறட்டை எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. பஷீருதீன் உள்ளறை வாசலில் நின்றார். ஜரினா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார். உடனே தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடைக்கு வந்த எவனாவது அமுக்கியிருப்பான்."

"அவன் பொண்ணு பேரும் ஷிபாவா?"

பஷீருதீன் போனை வாங்கக் கை நீட்டினார், ஜரினா கொடுக்கவில்லை.

"அவ பேர எடுக்காதன்னு ஒரு வருஷமா என் வாயக் கட்டிப் போட்டீங்களே! நா அடுப்படியில அழுது முடிச்சு, மூஞ்ச கழுவினு வந்து உங்களுக்குச் சோறு போட்டேனே! நீங்க மட்டும் இந்தக் கண்ணாடித் துண்டுகிட்ட அவ பேரச் சொல்லினு இருந்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

சத்தம் கேட்டு ராஷித் ஓடிவந்து நின்றான். பஷீருதீன் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மெத்தைக் கட்டைத் தனியாகத் தூக்கித் தோளில் போடுகிற மனுஷன், அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளியே போன்னு சொன்ன வாயால, எங்க கீறான்னு எப்டி ஜரினா கேக்கறது?" அவர் குரல் கீழே இறங்கியிருந்தது. "கடைக்கு எதிர்ல மெட்ரோ தூண் இருக்குதில்ல? அதுக்குப் பின்னால போயி நின்னுனு கேப்பேன். யாரும் பாக்க மாட்டாங்க."

"உங்களுக்குத்தான் டைப் பண்ணவே தெரியாதே."

"அவ கத்துக் குடுத்ததுதான். 'டைப் பண்ண வராட்டி இந்த மைக்க அமுக்கிப் பேசு அத்தா. எங்கிட்ட கேக்கற மாதிரியே கேளு, அது புரிஞ்சுக்கும்'னு சொன்னா. அவ மட்டும் எங்க டைப் பண்ணா? கடையில உக்காந்துனு எப்பப் பாரு அதுங்கூட வாயாடினு இருப்பா. 'எனக்குப் பசிக்குது, ஊட்ல முட்ட மட்டும்தான் கீது, நா இன்னா செய்யறது'ன்னு கேப்பா. பஞ்சு அடிக்கிறவன்லாம் சிரிப்பான்."

ஜரினா நிமிர்ந்தாள். போனை மறுபடி பார்த்தாள். புள்ள பெத்தவளுக்கு ஊட்ல இன்னா செஞ்சு குடுப்பாங்க. நோட்டீஸ் இல்லை, பேச்சு. காலையிலிருந்து அவளும் ராஷித்தும் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த மனுஷன் போனில் சும்மா கிடந்திருக்கிறது.

"அவ இப்டித்தான் கேப்பா," என்றாள். "உங்கள மாதிரியே."

"கேப்பா," என்றார் அவர். கட்டிலிலிருந்து எழுந்து, "நீ பேசு ஜரினா. கைய மட்டும் பாத்தா யாரோ சமைக்கிறான்னு தள்ளிட்டுப் போயிடுவா. உங்குரலக் கேட்டா நிப்பா."

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அடுப்படியில் வேலை ஆரம்பமானது. பஷீருதீனே கறிக்கடைக்குப் போய் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வாங்கி வந்தார். ரத்தம் குறைந்தவர்களுக்கு நம் பக்கத்தில் முதலில் சொல்வது அதைத்தானே. ராஷித் போனைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். இன்னிக்கு நாம..." ஜரினாவுக்கு அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றாள்.  "வரலடா ராஷித்து. எனக்கு வரலடா."

அடுப்படி வாசலில் நின்ற பஷீருதீன் சொன்னார். "ஊருக்குப் பேசாதே. அவகிட்ட பேசு."

ஜரினா சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எண்ண ரொம்ப ஊத்தாதேம்மா. மிளகு, சீரகம், பூண்டு, அவ்ளோதான். பச்ச மிளகா போடாதே, புள்ளைக்கு ஆவாது. சுவரொட்டிய ரொம்ப நேரம் வதக்காதே, ரப்பர் மாதிரி ஆயிடும். செய்ய முடியலன்னா அவன செய்யச் சொல்லு, செய்வான், நல்ல புள்ளதான் அவன். தல குளிச்சா ஒடனே தொவட்டிக்கோ. ஜொரம் அடிச்சா பத்தியத்துலயே சரியாப் போயிடும்னு உக்காந்துனு இருக்காதே. அன்னிக்கே டாக்டராண்ட போயிடு. நா பக்கத்துல இல்லன்னு எதையும் தள்ளிப் போடாதே."

ராஷித் எடுத்த படம் நடுநடுவே ஆடியிருந்தது. மாற்றி எடுக்கலாமா என்று அவன் கேட்கவில்லை.

தலைப்பை ஜரினா சொல்லச் சொல்ல அவன் அடித்தான். 'கொழந்த பொறந்திருக்கு, அம்மா கூட இல்ல, நா இன்னா சாப்டணும்?' மிரண்ட மாமியார் ஒழிந்தாள். ஏற்றி முடித்ததும் நிவேதிதாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"தலைப்பு சரியா இருக்குதுங்க்கா. ஆனா தேடுனா மேல வர்றதுக்கு நேரமெடுக்கும். நாள்கூட ஆகலாம்."

"நாளா? அவளுக்கு வலி எடுத்திருந்தா?"

"நம்மளால செய்ய முடிஞ்சதச் செஞ்சிட்டோங்க்கா," என்றாள் நிவேதிதா. 

பஷீருதீன் தன் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். வரவில்லை. முற்றத்துக்குப் போய் நின்று கேட்டார். அங்கேயும் வரவில்லை. இன்னொரு தடவை மைக்கை அமுக்கப் போனவரை ஜரினா தடுத்தாள்.

"விடுங்க. அவ வேற இன்னா கேப்பா, அத யோசிங்க. பால் கொடுக்கறதக் கேப்பாளா? தூங்க வைக்கிறதக் கேப்பாளா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை அமுக்கி வாயருகே கொண்டுபோனார்.

"அத்தா எம்மேல இன்னும் கோவமா இருக்காரா?"

 போன் தன் கடமையைச் செய்தது. கோபம் குறைய மூச்சுப் பயிற்சி சொல்லும் ஒருவர் வந்தார். கோபக்காரர்களின் ராசி எது என்று சொல்லும் ஜோசியர் வந்தார். அப்புறம் ஒரு கார்ட்டூன் கரடி வந்தது.

"அவ இதத்தான் மொதல்ல கேட்டிருப்பா, ஜரினா," என்றார் பஷீருதீன். "எல்லாத்துக்கும் முன்னாடி இதத்தான். இவனுங்களா அவளுக்குப் பதில் சொல்லியிருப்பானுங்க?"

சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரி செய்தார். நாற்காலியை இழுத்துப்போட்டுப் போனுக்கு எதிரே உட்கார்ந்தார். முகமும் குரலும் கூடாது என்று சட்டம் போட்டவர்.

"எடு ராஷித்து."

"அத்தா, பூந்தமல்லி முழுக்கப் பாக்கும்."

"தெரு முழுக்கக் கேக்கத்தானே சொன்னேன், வராதேன்னு? இதையும் ஊரு முழுக்கக் கேக்கட்டும். எடு."

அவர் பேசியது கொஞ்சம்தான். "ஷிபா. அத்தா பேசறேன். கோவம் இல்லம்மா. அன்னிக்கு இருந்தது, அன்னிக்கே போயிடுச்சு. சொல்லத்தான் தெரியல. முஸ்தகீமையும் கூட்டினு வா. உன்னால வர முடியலன்னா எங்க கீறன்னு மட்டும் சொல்லு, நாங்க வர்றோம்." அதற்குமேல் முடியாமல் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அதோடு ராஷித் நிறுத்தினான்.

"தலைப்பு இன்னா அத்தா?"

"நா கேட்டதையே வை."

அப்படியே வைத்து ஏற்றினான். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் இருவரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். ஜரினா தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள். யா அல்லா, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் ராஷித் சேனலைத் திறந்தான். சுவரொட்டி வீடியோவை ஏற்கனவே பழக்கப்பட்ட சிலபேர் பார்த்திருந்தார்கள். அத்தாவின் வீடியோவுக்குக் கீழே 'ஒரு பார்வை' என்றிருந்தது.

"நீ பாத்தியாமா?"

"நா எங்கடா பாத்தேன்? தொழுதுனு இருந்தேன்."

"அத்தா?"

"எம்போன் சார்ஜில கீது."

ராஷித்தும் போட்டுப் பார்க்கவில்லை. ஜரினா நிவேதிதாவை அழைத்தாள். "எந்த வீடியோங்க்கா? சுவரொட்டிதான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணு போட்டீங்களா?" என்றாள் அவள்.

ராஷித் திரையைக் கீழே இழுத்துவிட்டான். ஒன்று இரண்டாகியிருந்தது.

"வேற ஒருத்தர் பாத்திருக்காங்களா, பாத்தவங்களே திரும்பப் பாக்கறாங்களா?" என்று பஷீருதீன் கேட்டார்.

"அதெல்லாம் சொல்லாது அத்தா."

"அவதான்," என்றாள் ஜரினா. "எதையும் ரெண்டாவது வாட்டி போட்டுப் பாத்தாத்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்."

"யாருன்னு தெரியாம ஆசப்படாதேமா," என்று சொல்லிக்கொண்டே ராஷித் எழுந்தான். கொசு வந்துவிடும் என்று தெருக்கதவைச் சாத்தப் போனான்.

பஷீருதீன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவச் சாத்தாதே," என்றார். "அது தொறந்தே கெடக்கட்டும்."